பாக்தாத்தில் கடன்... பரங்கிப்பேட்டையில் பதற்றம்! பணக்கஷ்டமும் சர்வாதிகாரமும் சேர்ந்தால் போர் வருவது எப்படி?

1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை. பரங்கிப்பேட்டை பள்ளிவாசல்களில் சுபுஹு பாங்கு சொல்லும் நேரம். குவைத்தில் அப்போது நள்ளிரவு தாண்டி 2 மணி. அந்த நேரத்தில்தான் இராக்கின் டாங்கிகள் எல்லையைத் தாண்டி குவைத்துக்குள் நுழைந்தன. சில மணி நேரத்திலேயே தலைநகர் விழுந்தது. இரண்டு நாட்களுக்குள் ஒரு நாடு முழுவதும் இன்னொரு நாட்டின் கைக்குப் போனது.

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கு. தமிழகக் கடலோர ஊர்கள் பலவற்றைப் போல இங்கேயும் வீட்டுக்கு ஒரு 'சபுராளி' என்கிற நிலை உண்டு. சபுராளி என்றால் வெளிநாடு போய் சம்பாதிப்பவர். குவைத், சவுதி, துபாய் என்று அத்தாவோ அண்ணனோ மச்சானோ யாராவது ஒருவர் அங்கே இருப்பார். மாதாமாதம் தபாலில் வரும் டிராஃப்டில்தான் இங்கே அடுப்பு எரியும், வீட்டுச் சுவர் எழும்பும், கல்யாணத் தேதி குறிக்கப்படும்.

அந்த டிராஃப்ட் ஒரே நாளில் நின்றது. வாட்ஸ்அப் கிடையாது. குவைத்துக்கு போன் லைன் கிடைக்கவில்லை. ரேடியோவில் பிபிசி தமிழோசையைத் திருகி வைத்துக்கொண்டு காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சரி, ஒரு நாட்டின் கடன் பிரச்னை எப்படி இவ்வளவு தூரம் வந்து நம்ம வீட்டுக் கதவைத் தட்டியது? வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கணக்கு இது. படிப்படியா பார்ப்போம்.

*ஸ்டெப் 1: கழுத்தை நெரித்த கடன்*

சதாம் உசேன் இராக்கின் அதிபரானது 1979 ஜூலையில். அடுத்த ஆண்டு செப்டம்பரில் பக்கத்து நாடான ஈரான் மீது படையெடுத்தார். சில வாரங்களில் முடிந்துவிடும் என்று நினைத்த போர் எட்டு வருடம் இழுத்தது. 1988 ஆகஸ்டில் போர்நிறுத்தம் வந்தபோது எல்லைக்கோடு கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே இருந்தது. ஆனால் லட்சக்கணக்கான உயிர்கள் போயிருந்தன. இராக்கின் தலையில் சுமார் 8,000 கோடி டாலர் கடன் ஏறியிருந்தது.

இதில் பெரும்பகுதி சவுதி, குவைத் போன்ற பக்கத்து அரபு நாடுகள் கொடுத்தது. "ஈரானிடமிருந்து உங்களையும் சேர்த்துத்தானே காப்பாற்றினேன், கடனைத் தள்ளுபடி செய்யுங்கள்" என்பது சதாமின் வாதம். குவைத் மறுத்தது.

இராக்குக்கு இருந்த ஒரே பெரிய வருமானம் எண்ணெய். 1990 ஜனவரியில் ஒரு பேரல் 20 டாலரைத் தொட்டிருந்த விலை, ஜூனில் சுமார் 15 டாலருக்கு இறங்கியது. எண்ணெய் விலை ஒரு டாலர் குறைந்தால் இராக்குக்கு வருடத்துக்கு 100 கோடி டாலர் நஷ்டம். இந்தக் கணக்கை அந்த மே மாதம் பாக்தாத்தில் நடந்த அரபு நாடுகளின் உச்சி மாநாட்டில் சதாமே சொன்னார். ஒபெக் அமைப்பு ஒதுக்கிய அளவைத் தாண்டி குவைத்தும் ஐக்கிய அரபு அமீரகமும் எண்ணெய் எடுத்து விற்கின்றன, அதனால்தான் விலை விழுகிறது என்பது அவருடைய புகார். அளவை மீறினார்கள் என்பது உண்மையும்கூட.

உள்ளூரில் நிலைமை இன்னும் மோசம். போர் முடிந்து சீருடையைக் கழற்றிய இளைஞர்களுக்குக் கொடுக்க வேலை இல்லை. விலைவாசி ஏறிக்கொண்டே இருந்தது. அப்படியும் ஆயுதம் வாங்கும் செலவு மட்டும் குறையவில்லை.

*ஸ்டெப் 2: 'வேண்டாம்' சொல்ல ஆள் இல்லை*

கடன் எல்லா நாட்டுக்கும்தான் இருக்கு. கடன் இருக்கும் நாடு எல்லாம் பக்கத்து நாட்டைப் பிடிக்கக் கிளம்புவதில்லையே? இங்கேதான் சர்வாதிகாரம் உள்ளே வருகிறது.

1979 ஜூலை 22. அதிபராகி ஒரு வாரம்கூட முடியவில்லை. சதாம் தன் பாத் கட்சியின் முக்கியப் புள்ளிகளை ஓர் அரங்கத்துக்கு அழைத்தார். சதி நடந்ததாகச் சொல்லி ஒவ்வொரு பெயராக வாசிக்கப்பட்டது. பெயர் சொல்லப்பட்டவர்களைக் காவலர்கள் வெளியே அழைத்துப் போனார்கள். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அவர்களில் 22 பேருக்கு மரண தண்டனை. மொத்தமும் வீடியோவாகப் பதிவு செய்யப்பட்டது. அதை மற்றவர்களும் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

அதைப் பார்த்த பிறகு எந்த அமைச்சர், எந்தத் தளபதி "சார், இது தப்பான முடிவு" என்று சொல்வார்?

ஜனநாயக நாட்டில் ஓர் ஆட்சியாளருக்கு ஸ்பீட் பிரேக்கர்கள் நிறைய. நாடாளுமன்றம் கேள்வி கேட்கும். பத்திரிகை எழுதும். நீதிமன்றம் தடுக்கும். எல்லாத்துக்கும் மேல அடுத்த தேர்தல் இருக்கு. சதாம் ஆட்சியில் இதில் ஒன்றுமே இல்லை. விளைவு? தலைவருக்குப் பிடித்த தகவல் மட்டுமே மேசைக்கு வரும். பயத்தில் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தப்புக் கணக்கைத் திருத்த வழியே கிடையாது.

*ஸ்டெப் 3: பழியைத் தூக்கி பக்கத்து வீட்டில் போடு*

பணம் இல்லை, மக்கள் கோபத்தில் இருக்கிறார்கள் என்னும்போது ஆட்சியாளருக்கு இரண்டு வழி. ஒன்று, "நான் தப்பு பண்ணிட்டேன்" என்று ஒப்புக்கொண்டு செலவைக் குறைப்பது. இன்னொன்று, "நம் கஷ்டத்துக்குக் காரணம் அவன்தான்" என்று விரல் நீட்டுவது. முதல் வழியில் ஒரு சர்வாதிகாரியின் நாற்காலியே ஆடும். அதனால் அவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எடுக்கிறார்கள்.

1990 ஜூலையில் இராக் சொன்ன குற்றச்சாட்டுகள்: இரு நாட்டு எல்லையில் இருக்கும் ருமைலா எண்ணெய் வயலிலிருந்து 240 கோடி டாலர் மதிப்புள்ள எண்ணெயை குவைத் திருடிவிட்டது. விலையை வேண்டுமென்றே விழவைத்து நம் மீது பொருளாதாரப் போர் நடத்துகிறது. குவைத் என்பதே ஒரு காலத்தில் நம் நாட்டின் பகுதிதான்.

கடனைத் திருப்பிக் கேட்டவர் இப்போது திருடன் ஆகிவிட்டார். அரசியல் ஆய்வாளர்கள் இதைத் 'திசைதிருப்பும் போர்' என்கிறார்கள். உள்ளூர்க் கோபத்தை வெளியூர் எதிரி மீது திருப்பிவிடும் உத்தி. இராக் விஷயத்தில் இதோடு நேரடிக் கொள்ளைக் கணக்கும் சேர்ந்தது. குவைத்தைப் பிடித்தால் கடன் கொடுத்தவரே இருக்க மாட்டார், அவருடைய எண்ணெயும் கைக்கு வரும், கடலுக்கு நல்ல வாசலும் கிடைக்கும்.

*ஸ்டெப் 4: தப்புக் கணக்கு*

ஆகஸ்ட் 1-ம் தேதி ஜெட்டாவில் இரு நாடுகளின் பேச்சுவார்த்தை முறிந்தது. மறுநாள் படையெடுப்பு. ஆகஸ்ட் 8-ம் தேதி குவைத்தை இணைத்துக்கொண்டதாக இராக் அறிவித்தது. அதே மாத இறுதியில் அதைத் தன் 19-வது மாகாணம் என்றது.

யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பது சதாமின் கணக்கு. ஆனால் படையெடுப்பு நடந்த அன்றே ஐ.நா. பாதுகாப்பு சபை கண்டித்தது. நான்கு நாளில் பொருளாதாரத் தடை. நவம்பர் 29-ல் கெடு. 1991 ஜனவரி 17-ல் அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படையின் விமானத் தாக்குதல். பிப்ரவரி 24-ல் தொடங்கிய தரைப்போர் சரியாக 100 மணி நேரத்தில் முடிந்தது. தோற்றுப் பின்வாங்கிய இராக் படை குவைத்தின் 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போனது. கடைசிக் கிணற்றை அணைக்க அந்த ஆண்டு நவம்பர் வரை ஆனது.

*நம்ம ஆட்கள் என்ன ஆனார்கள்?*

அப்போது குவைத்தில் சுமார் 1,70,000 இந்தியர்கள் இருந்தார்கள். கேரளம், தமிழ்நாடு என்று தென்னிந்தியர்கள் இதில் கணிசம். இலங்கையிலிருந்து வீட்டு வேலைக்குப் போயிருந்த பெண்களும் ஆயிரக்கணக்கில் சிக்கினார்கள்.

பணம் கையில் இருந்தும் பயனில்லாத நிலை. வங்கிகள் முடங்கின. உலகிலேயே மதிப்பு மிக்கவற்றில் ஒன்றான குவைத் தினாரை முதலில் இராக் தினாருக்குச் சமம் என்றார்கள், பிறகு செல்லாது என்றே அறிவித்தார்கள். பத்து வருட உழைப்பு காகிதமானது. பாஸ்போர்ட் முதலாளியிடம், முதலாளியோ நாட்டை விட்டு ஓடிவிட்டார் என்று மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

வி.பி.சிங் பிரதமராக இருந்த நேரம். வெளியுறவு அமைச்சர் ஐ.கே.குஜ்ரால் பாக்தாத் போய் சதாமைச் சந்தித்தார். சதாம் அவரைக் கட்டியணைத்த புகைப்படம் உலகம் முழுக்க விமர்சனத்துக்கு ஆளானது. ஆனால் அந்தச் சந்திப்புக்குப் பிறகுதான் இந்தியர்கள் வெளியேறும் வழி திறந்தது.

வழி என்றால் எப்படி? குவைத்திலிருந்து பஸ்ஸில் பாக்தாத். அங்கிருந்து பாலைவனம் தாண்டி ஜோர்டான் எல்லை. எல்லை முகாம்களில் கூடாரத்தில் காத்திருப்பு. பிறகு அம்மான் விமான நிலையம். அங்கிருந்து மும்பை. ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் வரை 59 நாட்களில் ஏர் இந்தியா 488 முறை பறந்து ஒரு லட்சத்து 11 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைக் கொண்டுவந்தது. பயணிகள் விமானங்கள் மூலம் நடந்த மிகப் பெரிய மீட்பு என்று கின்னஸில் இடம்பிடித்தது இது.

உயிர் தப்பி வந்தது பெரிய விஷயம்தான். ஆனால் மும்பையில் இறங்கி ரயில் பிடித்து ஊர் வந்து சேர்ந்தவர்களின் கையில் இருந்தது பெரும்பாலும் ஒரு பை. வீட்டில் காத்திருந்தது பாதி கட்டிய சுவரும், கொடுக்க வேண்டிய கடனும்.

இழப்பீடு வரவே இல்லையா? வந்தது. ஐ.நா. அமைத்த இழப்பீட்டு ஆணையம் இராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கைப் பிடித்து, சுமார் 15 லட்சம் விண்ணப்பதாரர்களுக்காக 5,240 கோடி டாலர் ஒதுக்கியது. இந்தியத் தொழிலாளர்களுக்கும் இதில் பங்கு கிடைத்தது. இராக் கடைசித் தவணையைக் கட்டி முடித்தது எப்போது தெரியுமா? 2022-ல். போர் 1991-ல் முடிந்தது. பில் கட்டி முடிக்க 31 வருடம்!

*இந்தியாவுக்கு விழுந்த இரண்டாவது அடி*

வளைகுடாவில் யாரும் இல்லாத வீடுகளையும் இந்தப் போர் விடவில்லை. எண்ணெய் விலை சில மாதங்களில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி, அக்டோபரில் 40 டாலரைத் தொட்டது. குவைத்திலிருந்தும் இராக்கிலிருந்தும் வந்துகொண்டிருந்த டாலர் நின்றது. ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த இந்தியாவின் அந்நியச் செலாவணி, 1991 நடுவில் இரண்டு மூன்று வார இறக்குமதிக்கு மட்டுமே போதும் என்ற நிலைக்கு இறங்கியது.

வீட்டில் பணம் இல்லையென்றால் என்ன செய்வோம்? நகையை அடகு வைப்போம். நாடும் அதைத்தான் செய்தது. 1991 மே மாதம் 20 டன் தங்கம் விற்கப்பட்டது. ஜூலையில் சுமார் 47 டன் தங்கம் வெளிநாட்டு வங்கிகளிடம் அடகுக்காக விமானம் ஏறியது. அப்போது ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தவர் தமிழரான எஸ்.வெங்கிட்டரமணன். அதே ஜூலை 24-ம் தேதி நிதியமைச்சர் மன்மோகன் சிங் தாக்கல் செய்த பட்ஜெட்டோடு தாராளமயம் வேகம் எடுத்தது. இன்று ஐ.டி. கம்பெனியில் உட்கார்ந்து இதைப் படிக்கும் பலரின் வேலைக்குப் பின்னால் அந்த நெருக்கடியும் ஒரு காரணம்.

*ஒரு குட்டி ஃபிளாஷ்பேக்: 1781*

பரங்கிப்பேட்டை போரைத் தள்ளி நின்று மட்டும் பார்த்த ஊர் இல்லை. 1781 ஜூலை 1-ல் ஹைதர் அலியின் பெரும்படையும் ஐர் கூட் தலைமையிலான கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மோதியது இங்கேதான். அதற்கு சில நாள் முன்பு சிதம்பரம் கோயிலில் அரண் அமைத்திருந்த ஹைதரின் வீரர்களைத் தாக்கப் போய், கூட் தோற்றுத் திரும்பியிருந்தார். பரங்கிப்பேட்டையில் கம்பெனி ஜெயித்தது.

அந்தக் காலக் கர்நாடக அரசியலிலும் கடன் வாசனை பலமாக உண்டு. ஆற்காடு நவாப் முகமது அலி, கம்பெனி ஊழியர்களிடமே பெரும் வட்டிக்குக் கடன் வாங்கி, மாவட்டங்களின் வரி வருமானத்தை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தவர். 1773-ல் கம்பெனிப் படையின் உதவியோடு அவர் தஞ்சாவூரைப் பிடித்ததில், கடனை அடைக்க அந்த வளமான மண்ணின் வருமானம் தேவைப்பட்டதும் ஒரு காரணம். 1781 சண்டைக்கான காரணங்கள் வேறு. மாஹியை பிரிட்டிஷார் பிடித்தது அவற்றில் முக்கியமானது. ஆனால் கடனாளி ஆட்சியாளர் பக்கத்து ஊர் வயலைப் பார்ப்பது 1990-ல் பிறந்த பழக்கம் இல்லை என்பதற்குத் தஞ்சாவூர் சாட்சி.

*இதே கதை வேற எங்கெல்லாம்?*

ஜெர்மனி: 1928 தேர்தலில் ஹிட்லரின் நாஜி கட்சிக்கு 2.6 சதவீத ஓட்டுதான். 1929-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. 1932-ல் வேலையில்லாதவர்கள் 60 லட்சம். அந்த ஜூலைத் தேர்தலில் நாஜி ஓட்டு 37 சதவீதத்தைத் தாண்டியது. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சித்தலைவர். 1939 செப்டம்பர் 1-ல் போலந்து மீது படையெடுப்பு.

அர்ஜென்டினா: 1976 முதல் ராணுவ ஆட்சி. 1982 தொடக்கத்தில் விலைவாசி உயர்வு ஆண்டுக்கு 100 சதவீதத்துக்கு மேல். மார்ச் 30-ல் தலைநகரில் தொழிற்சங்கங்களின் பெரிய போராட்டம், போலீஸ் தடியடி. மூன்றே நாளில், ஏப்ரல் 2-ல், பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளில் ராணுவம் இறங்கியது. அடி வாங்கிய அதே சதுக்கத்தில் கூட்டம் கொடி பிடித்துக் கைதட்டியது. (தீவைப் பிடிக்கும் திட்டம் முன்பே இருந்தது, நெருக்கடி அதை வேகப்படுத்தியது.) ஜூன் 14-ல் சரண். அடுத்த ஆண்டே ராணுவ ஆட்சிக்கு முற்றுப்புள்ளி.

*அப்போ பணக்கஷ்டம் வந்தாலே போர்தானா?*

இல்லை. இதைத் தெளிவா சொல்லணும்.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையைப் பாருங்க. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பெட்ரோல் இல்லை, கேஸ் இல்லை, மருந்து இல்லை. மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள்ளேயே நுழைந்தார்கள். கோட்டாபய ராஜபக்ச ஜூலையில் பதவி விலகினார். 2024-ல் தேர்தல் நடந்து ஆட்சி மாறியது. அந்த நாட்டின் ஆறாத காயங்கள் நிறைய இருக்கின்றன. இருந்தாலும் அந்த நெருக்கடி போராக மாறவில்லை. கோபம் வெளியேற ஒரு வாசல் இருந்தது.

1930-களின் அமெரிக்காவும் அப்படித்தான். ஜெர்மனியைப் போலவே வேலையின்மை. ஆனால் அங்கே ஓட்டுப்பெட்டி வழியாக ரூஸ்வெல்ட்டும் அவருடைய நிவாரணத் திட்டங்களும் வந்தன.

மறுபக்கமும் உண்டு. ஜனநாயக நாடுகள் போரே செய்யாது என்பது பொய். 2003-ல் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லி அமெரிக்காவும் பிரிட்டனும் இராக்கைத் தாக்கின. அப்படி ஓர் ஆயுதம் கிடைக்கவே இல்லை. ஆனால் அந்த நாடுகளின் தெருக்களில் லட்சக்கணக்கானோர் எதிர்த்து நடக்க முடிந்தது, விசாரணைக் கமிஷன்கள் வந்தன. சதாமின் பாக்தாத்தில் அது நினைத்தும் பார்க்க முடியாதது.

ஆக, பணக்கஷ்டம் பெட்ரோல் மாதிரி. அது மட்டும் தானாகப் பற்றிக்கொள்ளாது. கேள்வி கேட்க முடியாத ஒருவர் கையில் தீப்பெட்டி இருக்கும்போதுதான் ஆபத்து.

*எதைக் கவனிக்கணும்?*

செய்திகளில் ஒரு நாட்டைப் பற்றிப் படிக்கும்போது இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்க:

1. விலைவாசி, வேலையின்மை பற்றிய கேள்விக்குப் பதிலாக எதிரியைப் பற்றிய பேச்சு வருகிறதா?

2. சொந்தக் கட்சிக்குள், அமைச்சரவைக்குள் மாற்றுக் கருத்து சொன்னவர்கள் காணாமல் போகிறார்களா?

3. பத்திரிகை, நீதிமன்றம், தேர்தல் மூன்றும் ஒரே நேரத்தில் பலவீனமாகின்றனவா?

4. கஜானா காலியாக இருந்தும் ராணுவச் செலவு மட்டும் ஏறுகிறதா?

5. "அந்த நிலம் ஒரு காலத்தில் நம்முடையது" என்ற பழைய வரைபடம் திடீரென்று வெளியே வருகிறதா?

ஒன்றிரண்டுக்கு 'ஆமாம்' என்றால் அது அரசியல். ஐந்துக்கும் 'ஆமாம்' என்றால் பக்கத்து நாட்டுக்காரர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கு.

*யார் பில் கட்டியது?*

குவைத் போருக்குப் பிறகும் சதாம் 12 வருடம் பதவியில் இருந்தார். தடைகளால் இராக்கின் தினார் சரிந்தது, ஆசிரியர்கள் மாதச் சம்பளத்தில் சில நாள்கூட ஓட்ட முடியாமல் வீட்டுப் பொருட்களை விற்றார்கள், மருந்தில்லாமல் குழந்தைகள் அவதிப்பட்டார்கள். கடனை அடைக்கக் கிளம்பிய போர், இருந்த கடனோடு இழப்பீட்டையும் சேர்த்து அவர்கள் தலையில் வைத்தது.

இன்று குவைத்தில் மட்டும் சுமார் 10 லட்சம் இந்தியர்கள். வளைகுடா முழுவதும் சுமார் 90 லட்சம். அந்தப் பகுதியில் எங்கே ஏவுகணை பறந்தாலும் பரங்கிப்பேட்டையில் முதலில் எடுப்பது போனைத்தான். 1990-ல் வாரக்கணக்கில் காத்திருந்த செய்தி இப்போது வாய்ஸ் மெசேஜாக நிமிடத்தில் வந்துவிடுகிறது. 'நான் நல்லா இருக்கேன், பயப்படாதீங்க' என்று.

அங்கே இருக்கும் உங்கள் உறவினர்களிடம் அடுத்த முறை பேசும்போது மூன்று விஷயம் கேளுங்க. பாஸ்போர்ட் அவர் கையிலேயே இருக்கா? இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்திருக்காரா? சேமிப்பு முழுவதையும் அங்கேயே வைத்திருக்காரா? 1990-ல் ஒரு பையோடு வந்து இறங்கியவர்கள் உங்கள் தெருவிலும் இருக்கலாம். அவர்களிடம் கேட்டால் இந்தக் கேள்விகள் ஏன் முக்கியம் என்று அவர்களே சொல்வார்கள்.